கோழிப் பண்ணையும் கூலிக்காரர் குடிசையும்



நம் குடும்பங்கள் குடியிருக்கும் ஓர் ஊரின் எல்லையில் 50,000 முட்டைக் கோழிகளுக்குப் பண்ணை போட ஏற்பாடு நடக்கிறது. மனு இன்னும் கொடுக்கவில்லை. ஆகவே ஊர்ப் பெயரை மேடையில் சொல்லவில்லை. தெலுங்குக் குடியானவர்கள் எதிர்க்கிறார்கள். நம்மவர்களிடமோ, "உங்களுக்கு வேலை வரப்போகிறது, நிலமில்லாத உங்களுக்கு இதில் என்ன?" என்று பேசி வாயை அடைக்கிறார்கள். நிலமில்லாதவனுக்கு மூக்கும் இல்லையா?

நான் கோழி வளர்ப்புக்கு எதிரியல்ல. முட்டை உற்பத்தியில் ஆந்திரம் முன்னணி மாநிலம். சித்தூர்ப் பக்கம் எத்தனையோ வீடுகளில் இத்தொழிலால் அடுப்பு எரிகிறது. எங்கே, எவ்வளவு என்பதுதான் வழக்கு.

கணக்குப் போடுங்கள். ஒரு கோழி நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் எச்சமிடும். 50,000 கோழிக்கு 5 டன்! அதுவும் அன்றாடம்! அது ஈரமாய்க் கிடந்தால், ஈ இட்ட முட்டை வெயில் காலத்தில் பத்தே நாளில் ஈயாய்ப் பறக்கும். அந்த ஈ முதலாளியின் மாடி வீட்டைத் தேடிப் போகாது. நம் சோற்றுப் பானையைத்தான் தேடி வரும். தண்ணீர்? கோழிக்குக் கால் லிட்டர் என்றாலும் 12,500 லிட்டர். ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி வருகிற சீமை இது!

வேலை என்கிறார்களே, பெரிய பண்ணைகளில் தீனி போடுவதும் முட்டை சேகரிப்பதும் இன்று இயந்திரம். எச்சம் வாருவதும் செத்த கோழி பொறுக்குவதும் நமக்கு மிச்சம். 2024 பிப்ரவரியில் நெல்லூரிலும் 2025 பிப்ரவரியில் கோதாவரி மாவட்டங்களிலும் பறவைக் காய்ச்சல் வந்தது. கொன்று புதைத்த கோழிக்கு அரசு நஷ்டஈடு உண்டு. கூலி போனவனுக்கு எந்தக் கணக்கில் உண்டு?

சட்டம் என்ன சொல்கிறது? 2020இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு, 5,000 கோழிக்கு மேற்பட்ட பண்ணைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும் என்றாயிற்று. குடியிருப்பிலிருந்து 500 மீட்டர், கிணறு குளத்திலிருந்து 100 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது மத்திய வாரியத்தின் வழிகாட்டு நெறி.

இங்கேதான் நமக்குச் சுருக்கு. அந்த 500 மீட்டரை எங்கிருந்து அளப்பார்கள்? ஊர் நத்தத்திலிருந்தா, புறம்போக்கில் நிற்கும் நம் குடிசையிலிருந்தா? வீட்டு நம்பர் இல்லை, வரி ரசீது இல்லை என்றால், காகிதத்தில் நாம் வெறும் முள்காடு! நம்மில் பாதிப் பேர் பொங்கலுக்குப் போகிற ஊரில் ஓட்டை வைத்துக்கொண்டு, வருஷம் முழுவதும் இங்கே பிழைக்கிறோம். கிராம சபையில் உட்கார நிலம் வேண்டாம், தாய்மொழி தெலுங்காயிருக்கவும் வேண்டாம். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.

ஆகவே முதல் வேலை, ஓட்டை இந்த ஊருக்கு மாற்றுங்கள். இரண்டாவது, இசைவு கேட்டு விண்ணப்பம் போயிருக்கிறதா, வரைபடத்தில் நம் குடிசைகள் இருக்கின்றனவா என்று 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். பஞ்சாயத்து ஆபீசில் அதற்குக் கட்டணமே கிடையாது. 30 நாளில் பதில் தரவேண்டும். மனு தெலுங்கில் இருக்கட்டும். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படிக்கும் நம் பிள்ளைகள் எழுதுவார்கள். ரயில்வே குமாஸ்தா சொல்கிறேன்: தேதி முத்திரை விழாத காகிதம் காகிதமே அல்ல. நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

குடியானவர்கள் தனியாக ஒரு மனு, நாம் தனியாக ஒரு மனு என்று போகக்கூடாது. அவர்களில் சிலர் நம் குடிசைகளையும் எடுக்கச் சொன்னவர்கள்தான், மறக்கவில்லை. அதை அப்புறம் பேசிக்கொள்வோம். ஈக்கு மொழி தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அளவு நாடாவோடு வருகிறேன். கடைசிக் குடிசையிலிருந்து அளக்கத் தொடங்குவோம்.