தரைப்பாலம் மூடுன அன்னைக்கு

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக்குல பேசிப் பழக்கமில்ல. தப்பிருந்தா பொறுத்துக்கங்க.

எல்லாரும் கடன், சேமிப்புன்னு பேசுனாங்க. நான் ஒரு பாலத்தப் பத்திப் பேசப் போறேன். மதுரையில குருவிக்காரன் சாலை பாலம். இப்ப அது உயரமான கான்கிரீட் பாலம். முன்ன வெறும் தரைப்பாலம்தான். வைகையில தண்ணி கூடுனா மேல ஏறிப் போகும். போலீஸ்காரங்க தடுப்பு வச்சு அடைச்சிருவாங்க.

வலையங்குளம் பக்கம் எங்களுக்கு மல்லிகைதான் பிழைப்பு. விடியக்காலம் அரும்பு பறிச்சு, ஷேர் ஆட்டோவுல அவனியாபுரம், வில்லாபுரம் வழியா வந்து, ஆத்தத் தாண்டி மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போகணும். மழைக்காலத்துல பூ கொஞ்சமாத்தான் கிடைக்கும். அதனால விலை கூட இருக்கும். ஆத்துல தண்ணி வர்றதும் அந்த மாசத்துலதான்.

பாலம் கட்டுறதுக்கு முந்தி ஒரு கார்த்திகை மாசம். எங்க குழு அக்கா ஒருத்தங்க நாலு கிலோ அரும்போட வந்தாங்க. தரைப்பாலம் மூடிட்டாங்க. திரும்பி ஏ.வி. பாலத்துக்குப் போனா ஊரு வண்டி பூராவும் அங்கதான் நிக்குது. அது 1889-ல வெள்ளைக்காரன் காலத்துல திறந்த பாலம். அத்தனை கூட்டத்துக்கும் அது ஒண்ணு எப்படித் தாங்கும்? மார்க்கெட் போய்ச் சேரும்போது பாதி அரும்பு விரிஞ்சு போச்சு. பாதி விலைதான் கிடைச்சது.

மறுநாள் தவணை. "ஒரு வாரம் பொறுங்கம்மா"ன்னு கேட்டாங்க. அப்ப நான்தான் ஊக்குநர். குழுவுக்குக் கிரேடு குறைஞ்சிருமேன்னு பயம். "ஆத்துல தண்ணி வந்ததுக்கு பேங்குல கணக்குப் பாப்பாங்களா?"ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டுட்டேன். அவங்க ஒண்ணும் பேசல. சாயங்காலமே பணத்தக் கொண்டாந்து கட்டிட்டாங்க. அடுத்த கூட்டத்துக்கு வந்தப்பதான் பாத்தேன், தோட்டுக்குப் பதிலா காதுல வேப்பங்குச்சி.

அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல.

அதுக்கப்புறம் அபராதப் பணத்தத் தொடாம தனியா எடுத்து வச்சோம். ஆறு, மழைன்னு தவணை நின்னா அதுல இருந்து கட்டுறது, மூணு மாசத்துல வட்டியில்லாம திருப்பிக் கொடுக்கிறது. அப்படின்னு தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அணைச் செய்தியும் பாக்க ஆரம்பிச்சோம். வைகை அணை 71 அடி. 66 அடி ஆனா முதல் எச்சரிக்கை, 68.5 ரெண்டாவது, 69 மூணாவது. 69-னு கேட்டா ராத்திரியே போன்ல சொல்லிருவோம். ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பிருவோம்.

இப்ப எங்களுக்குப் பாலம் உசந்துருச்சு. கீழ தண்ணி ஓடுது, மேல எங்க ஆட்டோ போகுது. ஆனா தரைப்பாலத்துலயே இன்னும் போய்க்கிட்டு இருக்கிற ஊர்க்காரங்க இங்க நிறையப் பேர் இருக்கீங்க. அந்தத் தீர்மானத்தோட நகல் என் பையில இருக்கு, சாப்பாட்டு நேரத்துல வாங்கிக்கங்க.

அந்தத் தோட்ட மீட்டாச்சு. இன்னைக்குப் போட்டுட்டுத்தான் மூணாவது வரிசையில உக்காந்திருக்காங்க. கைகாட்ட மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.