தெரியாததைக் கேட்க வெட்கம் எதற்கு?

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் 1984 ஆம் ஆண்டு உயர்தர வகுப்பினர் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பழைய மாணவிகள் மேடையேறினால் பழைய கதைதான் பேசுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நாங்கள் இன்று எங்கள் கைப்பைக்குள் கிடக்கும் கைத்தொலைபேசியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதனால் எங்களுக்கு வந்த நன்மையையும், எங்கள் தோழி ஒருத்திக்கு வந்த துன்பத்தையும் சொல்லாமல் விட்டால் இந்த மலரில் எங்கள் பங்கு நிறைவாகாது.

1984 இல் பரீட்சை எழுதிய கையோடு ஒவ்வொருவராகப் பிரிந்தோம். சிலர் கொழும்புக்கு, சிலர் லண்டனுக்கு, சிலர் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும். ஊரில் இருந்தவர்களுக்குக் கடிதம்தான் ஒரே வழி. அதுவும் போய்ச் சேருமோ என்று தெரியாது. தொண்ணூறுகளில் வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோடு தொலைபேசியில் ஐந்து நிமிடம் கதைப்பதற்காகக் கிளாலிக் கடல் கடந்து போய் வந்தவர்களும் எங்களில் இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட எங்களுக்கு வட்ஸ்அப் குழு பெரிய கொடையாகத்தான் வந்தது. முப்பது வருடம் முகம் காணாதவர்கள் ஒரே வாரத்தில் ஒன்று சேர்ந்தோம். பார்வை மங்கிய எங்கள் ரீச்சர் ஒருவருக்கு எழுத்தில் அனுப்பிப் பயனில்லை என்று குரல் பதிவாக அனுப்பத் தொடங்கினோம். அவர் குரலைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவார். ஒரு தோழியின் தாயார் காலமானபோது வரமுடியாத பிள்ளைகள் தொலைபேசித் திரையிலேயே இறுதிக் கிரியையைப் பார்த்து அழுதார்கள். இப்போது மாதம் ஒருமுறை சூமில் சந்திக்கிறோம். ஆடி மாதத்தில் யாழ்ப்பாணத்தில் பின்னேரம் 4.30 என்றால் ரொறன்ரோவில் காலை 7 மணி, லண்டனில் நண்பகல் 12 மணி, சிட்னியில் இரவு 9 மணி. எல்லோரும் விழித்திருக்கும் நேரம் அது ஒன்றுதான்.

இனி அந்தத் துன்பத்துக்கு வருவோம்.

ஊரில் இருக்கும் எங்கள் தோழிக்கு ஒருநாள் தெரிந்த ஒருவரின் பெயரில் செய்தி வந்தது. "உங்கள் இலக்கத்துக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்று தவறுதலாக வந்துவிட்டது, அதை எனக்கு அனுப்பிவிடுங்கோ" என்று. குறுஞ்செய்தியில் குறியீடும் வந்திருந்தது. உதவி கேட்கிறார்களே என்று அனுப்பிவிட்டாள். அடுத்த நிமிடம் அவளுடைய வட்ஸ்அப் அவள் கையை விட்டுப் போய்விட்டது. அந்தக் குறியீடு வீட்டுத் திறப்பைப் போன்றது. அதை வைத்து அவளுடைய கணக்கை வேறொருவன் தன் தொலைபேசியில் திறந்துவிட்டான். செய்தி அனுப்பிய அந்தத் தெரிந்தவரின் கணக்கும் முன்னரே அப்படிக் களவு போனதுதான்.

பிறகு அவள் பெயரில் எங்களுக்குச் செய்திகள் வந்தன. "அவசரம். ஆஸ்பத்திரியில் நிற்கிறேன். இந்தக் கணக்குக்குப் பணம் போட முடியுமா? நாளைக்குத் திருப்பித் தருகிறேன்." எங்களில் இருவர் ஒரு சொல் கேட்காமல் போட்டார்கள். எங்கள் வகுப்புப் பிள்ளை ஆஸ்பத்திரியில் நிற்கும்போது கேள்வி கேட்பதா என்று நினைத்தார்கள். மூன்றாவது ஆள்தான் யோசித்தாள். "நாற்பது வருடமாக என்னை 'எடியே' என்றுதானே கூப்பிடுவாள், இதென்ன புதிதாக 'வணக்கம்'?" என்று நேரே வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்தாள். உண்மை வெளியே வந்தது.

எங்களை வருத்தியது பணம் மட்டுமல்ல. தோழிக்குத் தன் கணக்கு பறிபோனது முதல் நாளே தெரியும். இரண்டு நாள் ஒருவருக்கும் சொல்லவில்லை. "படித்த பிள்ளை, ரீச்சராகவும் இருந்தவள், இதுகூடத் தெரியாதா என்று சிரிப்பீர்களே" என்றாள். அந்த இரண்டு நாட்களில்தான் மற்ற இருவரின் பணமும் போனது. அவளைக் குற்றம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அந்த வெட்கம் எங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. ஒரு பொத்தானை எங்கே அழுத்துவது என்று மகனிடம் கேட்டால் "அம்மா, எத்தனை தரம் சொல்லுறது?" என்பான். அதற்குப் பயந்தே கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

யோசித்துப் பார்த்தால் இது எங்களுக்கு அழகில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். ஜாம் போத்தலில் திரி போட்டு அந்த வெளிச்சத்தில் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் நாங்கள். அந்த வித்தைகளை ஒருவரும் பிறக்கும்போதே தெரிந்து வரவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டோம், பார்த்தோம், செய்தோம். அன்று வராத வெட்கம் இன்று எதற்கு?

எனவே எங்கள் வகுப்பில் சில வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டோம். குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டை வங்கி கேட்டாலும், தோழி கேட்டாலும், பெற்ற பிள்ளை கேட்டாலும் கொடுப்பதில்லை. பணம் கேட்டு எழுத்தில் செய்தி வந்தால் நேரே அழைத்துக் குரலைக் கேட்ட பிறகே மற்ற வேலை. வட்ஸ்அப்பின் அமைப்புகளில் இரு படிச் சரிபார்ப்பு என்று ஒன்று உண்டு. அதில் நாங்களே ஆறு இலக்கங்களைத் தெரிந்து பூட்டிவிட்டால், குறுஞ்செய்திக் குறியீடு மட்டும் வைத்துக்கொண்டு ஒருவராலும் உள்ளே வர முடியாது. இதை ஒவ்வொருவருக்கும் சூமில் காட்டிச் செய்வித்தோம். கணக்கு பறிபோனால் உடனே உங்கள் இலக்கத்தை மறுபடி பதிவு செய்யுங்கள். புதிய குறியீடு உங்களுக்குத்தான் வரும், திருடன் வெளியே போய்விடுவான். அவன் முந்திக்கொண்டு இரு படிப் பூட்டைப் போட்டிருந்தால் மட்டும் ஏழு நாள் பொறுக்க வேண்டும். அதுவரை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. தெரிந்த எல்லோருக்கும் அந்த மணித்தியாலமே சொல்லிவிடுங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்கும் பொலிசுக்கும் தாமதிக்காமல் அறிவியுங்கள். 2006 இல் தொடங்கப்பட்ட இலங்கை சேர்ட் நிறுவனமும் இத்தகைய முறைப்பாடுகளை ஏற்கிறது.

வெளிநாட்டில் வாழும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். அம்மாவுக்குப் புதுத் தொலைபேசி வாங்கி அனுப்புகிறீர்கள், நல்லது. அதோடு ஒரு மணித்தியாலத்தையும் அனுப்புங்கள். அவர் பத்துத்தரம் கேட்டாலும் பதினோராந்தரமும் சொல்லிக்கொடுங்கள். உங்களுக்கு 'அ' எழுதக் கை பிடித்தவர் அவர்.

எங்கள் தோழியின் அனுமதியோடுதான் இதைப் பேசுகிறோம். "என் பெயரைச் சொல்லாமல் கதையைச் சொல்லுங்கோ, வேறு ஒருத்திக்கும் நடக்கக்கூடாது" என்றாள். பணத்தை இழந்த இருவரும் அவளிடம் ஒரு சதமும் வாங்கவில்லை. அவள் இன்றைக்கு இந்த மண்டபத்தில் அவர்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிறாள்.

இந்தப் பாடசாலையில் விளங்காவிட்டால் கையை உயர்த்திக் கேட்கச் சொல்லித் தந்தார்கள். அறுபது வயதிலும் அந்தக் கையை உயர்த்துவோம்.