உறங்காத காவல்

 

ஒரு வீட்டில் தீப்பற்றினால் வீட்டார் வாசலுக்கு ஓடுவர். ஒரு பள்ளியில் தீப்பற்றினால் ஆசிரியர் மாணவரை வரிசையாக வெளியே அழைத்துச் செல்வர். மருத்துவமனையில் தீப்பற்றினால் நிலைமை வேறு. அறுவை முடிந்து மயக்கம் தெளியாதவர், செயற்கைச் சுவாசக் கருவியோடு பிணைக்கப்பட்டவர், கால் எலும்பு முறிந்து அசையாது கிடப்பவர், பிறந்து இரண்டு நாளே ஆன சிசு ஆகிய எவரும் எழுந்து ஓட இயலாது. அவர்களைப் பிறர்தாம் தூக்கிச் செல்ல வேண்டும். தூக்கிச் செல்வதற்கு நேரம் வேண்டும். தீ சிறிதாய் இருக்கும்போதே அதனை அறிந்து கூறும் எச்சரிக்கை அமைப்பே அந்த நேரத்தை ஈட்டித் தருகிறது. பழமையடைந்துபோன அத்தகைய அமைப்பை மருத்துவமனை ஒன்று எவ்வாறு புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள்.

2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவின் தாக்குரியா பகுதியில் இருந்த ஆம்ரி மருத்துவமனையில் விடியற்காலைக்கு முன் தீ மூண்டது. ஊர்திகள் நிறுத்துவதற்கென்று அமைந்த அடித்தளத்தில் எளிதில் தீப்பற்றும் பொருள்கள் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. தீ அங்கேதான் எரிந்தது. ஆனால் உயிர்கள் போனது மேல்மாடிகளில். கண்ணாடியால் மூடப்பட்ட கட்டடத்திலிருந்து புகை வெளியேற வழியில்லை. உறக்கத்தில் இருந்த நோயாளிகளைப் புகை சூழ்ந்தது. ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தீயால் அன்று, மூச்சுத் திணறியே இறந்தனர். புகையைக் கண்டு உதவ ஓடி வந்தவர்கள் அருகிலிருந்த குடிசைப் பகுதி மக்கள் என்றும், தொடக்கத்தில் வாயிற்காவலர் அவர்களைத் திருப்பி அனுப்பினர் என்றும் அந்நாளைய நாளிதழ்கள் எழுதின. பெண்கள் பிரிவில் பணியிலிருந்த கேரளத்துச் செவிலியர் இருவர் நோயாளிகள் எண்மரை வெளியேற்றிவிட்டு, எஞ்சியவரை மீட்க முயன்றபோது உயிர் நீத்தனர். அவர்களுக்கு இன்னும் சிறிது நேரம் முன்னதாகச் செய்தி கிடைத்திருந்தால் என்று எண்ணாத நெஞ்சம் இராது.

2021 ஜனவரி 9 அன்று மகாராட்டிர மாநிலம் பண்டாரா மாவட்ட மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைகளின் சிறப்புப் பிரிவில் நள்ளிரவு கடந்த வேளையில் தீப்பற்றியது. அங்கிருந்த 17 குழந்தைகளுள் 7 குழந்தைகளையே மீட்க முடிந்தது. 10 குழந்தைகள் மறைந்தன. தமிழகத்திலும் இத்துயர் நேர்ந்ததுண்டு. 2024 டிசம்பர் 12 இரவில் திண்டுக்கல்லின் தனியார் மருத்துவமனை ஒன்றில் தரைத்தளத்தில் மூண்ட தீயின் புகை மேலேறியது. மின்தூக்கியில் சிக்கிக்கொண்டோர் மூச்சுத் திணறினர். ஒரு சிறு குழந்தை உட்பட 6 பேர் உயிரிழந்தனர்.

இந்த மூன்று துயரங்களும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. தீ ஓரிடத்தில் இருக்கிறது. புகை எங்கும் செல்கிறது. மூன்றும் இருள் சூழ்ந்த வேளையில் நிகழ்ந்தன. மனிதர் உறங்கும் அவ்வேளையிலும் உறங்காத காவல் ஒன்று வேண்டும்.

அக்காவல் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிவது கடினமன்று. கூரையில் வட்டமாகப் பொருத்தப்பட்டிருக்கும் புகை உணரியினுள் ஒரு சிறிய இருட்டறை உண்டு. அதில் ஓர் ஒளிக்கதிர் சென்றுகொண்டே இருக்கும். புகைத்துகள் உட்புகுந்தால் அவ்வொளி சிதறி, பக்கத்திலிருக்கும் ஒளியுணர் கருவியின்மேல் விழும். உடனே கட்டுப்பாட்டுப் பலகைக்குச் செய்தி போகும், மணி ஒலிக்கும். சமையற்கூடம் போன்று புகையும் ஆவியும் இயல்பாய் எழும் இடங்களில் வெப்ப உணரியைப் பொருத்துவர். நடைவழிகளில் கையால் அழுத்தும் சிவப்புப் பெட்டிகள் இருக்கும். இவையனைத்தும் சேர்ந்ததே எச்சரிக்கை அமைப்பு.

இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பொருத்தப்பட்ட அமைப்புகள் பெரும்பாலும் மண்டல முறையில் அமைந்தவை. ஒரு மண்டலத்தில் பல உணரிகள் ஒரே கம்பியில் இணைந்திருக்கும். அவற்றுள் எது புகையைக் கண்டாலும் பலகையில் ஒரே விளக்குத்தான் எரியும். மூன்றாம் மாடியின் கிழக்குப் பகுதி என்பது தெரியும். எந்த அறை என்பது தெரியாது. இரவுப் பணியாளர் ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்க்க வேண்டும். ஓர் அறைக்கு அரை நிமிடம் என்றாலும், இருபது அறைக்குப் பத்து நிமிடம் கழிந்துவிடும். நோயாளிகளைத் தூக்கிச் செல்ல வேண்டிய நேரம் தேடுவதிலேயே தீர்ந்துபோகும்.

முதுமை வேறு வகையிலும் தன் வேலையைக் காட்டும். உணரியின் உள்ளறையில் தூசி படியும். சிறு பூச்சிகள் குடியேறும். அதனால் அது புகையின்றியே ஒலிக்கும், அல்லது புகையிருந்தும் ஒலியாது. மின்கலம் வலுவிழக்கும். கட்டடத்தில் புதிய சுவர் எழுப்பி ஓர் அறையை இரண்டாக்கியிருப்பர். உணரி ஒரு பாதியில் மட்டும் இருக்கும். பழைய வகைக்கான உதிரிப்பாகங்களைச் செய்த நிறுவனம் அவற்றை நிறுத்தியிருக்கும்.

இவற்றினும் கொடியது, மனிதர் அதற்குப் பழகிப்போவது. மருந்தை ஆவியாக்கித் தரும் கருவியினாலோ, வெந்நீர் ஆவியினாலோ, ஊதுவத்தியினாலோ மணி அடிக்கடி பொய்யாக ஒலிக்கிறது. நோயாளிகள் அஞ்சுகின்றனர், உறவினர் சினக்கின்றனர். ஒருநாள் ஒருவர் ஒலியை நிறுத்தி வைக்கிறார். பழுதைக் காட்டும் மஞ்சள் விளக்கு மாதக்கணக்கில் எரிகிறது; அது எரிவதே இயல்பு என்று எல்லோரும் எண்ணுகின்றனர். மணியே இல்லாத கட்டடத்தில் இருப்போர் தம் கண்ணையும் மூக்கையும் நம்பி விழிப்போடிருப்பர். ஊமையாக்கப்பட்ட மணியுள்ள கட்டடத்திலோ அது காக்கும் என்று நம்பி உறங்குவர். பழுதுற்ற காவல் காவலின்மையினும் தீது என்பதற்குக் காரணம் இதுவே.

இன்று அட்ரசபிள் என்று தொழில் செய்வோர் வழங்கும் முறை வந்துள்ளது. இதில் ஒவ்வோர் உணரிக்கும் தனி முகவரி உண்டு. புகை எழுந்தவுடன் பலகையில் மாடியும் பிரிவும் அறை எண்ணும் எழுத்தில் தோன்றும். கம்பி பலகையிலிருந்து புறப்பட்டு எல்லா உணரிகளையும் தொட்டு மீண்டும் பலகைக்கே வரும் வளையமாக அமைவதால், ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபக்கமாகச் செய்தி செல்லும். உணரியில் தூசி மிகும்போது தன்னைத் தூய்மை செய்ய வேண்டும் என்று அதுவே முன்னறிவிக்கும் வகைகளும் உள்ளன. பொய்யொலி குறைவதால் உண்மையொலிக்கு மதிப்பு மீளும்.

புதிய அமைப்பு மணியடிப்பதோடு நிற்பதில்லை. குளிர்பதனக் குழாய்கள் வழியே புகை பரவாதபடி காற்றுச் செலுத்தும் கருவிகளை நிறுத்துகிறது. குழாய்களிலுள்ள தடுப்பு மடல்களை மூடுகிறது. மின்தூக்கிகளைத் தரைத்தளத்திற்குக் கொணர்ந்து நிறுத்துகிறது; தீ தரைத்தளத்திலேயே இருந்தால் வேறு தளத்தில் நிறுத்துமாறு அமைக்கவும் இயலும். திறந்து வைக்கப்பட்டிருக்கும் தீத்தடுப்புக் கதவுகளின் காந்தப் பிடிப்பை விடுவித்து அவை தாமே சாத்திக்கொள்ளச் செய்கிறது. ஆக்சிஜன் மட்டும் இதற்கு விலக்கு. ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் தீ மிக விரைவாய்ப் பரவும். ஆயினும் அதனை இயந்திரம் தானே அடைத்துவிட்டால் சுவாசக் கருவியில் இருப்போரின் கதி என்னாகும்? ஆகையால் அந்தப் பிரிவின் வால்வை அடைக்கும் முடிவு, பொறுப்பிலுள்ள மருத்துவர் அல்லது செவிலியரிடமே விடப்பட வேண்டும். அந்த வால்வு எங்குள்ளது என்பதை ஒவ்வொரு செவிலியரும் அறிந்திருக்க வேண்டும்.

இயங்கிக்கொண்டிருக்கும் மருத்துவமனையில் இம்மாற்றத்தைச் செய்வது எளிய செயலன்று. நோயாளிகளை வெளியேற்றிவிட்டுப் பணி செய்ய இயலாது. பழைய அமைப்பை முதலில் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தத் தொடங்கினால், இடைப்பட்ட வாரங்களில் கட்டடம் காவலின்றிக் கிடக்கும். அறிந்தோர் பின்பற்றும் ஒழுங்கு வேறு.

முதலில் கட்டடம் முழுவதையும் நடந்து பார்த்து, இன்றுள்ளபடி வரைபடம் எழுத வேண்டும். பழைய வரைபடத்தை நம்பலாகாது. கிடங்கு, துணி வெளுக்கும் அறை, மின்பலகை அறை, ஆவணக் காப்பறை, போலிக்கூரைக்கு மேலுள்ள வெளி ஆகியவை மறக்கப்படும் இடங்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016இன் நான்காம் பகுதியும், ஐ.எஸ். 2189 என்னும் இந்தியத் தரநெறியும் இதற்கு வழிகாட்டுகின்றன. தீயணைப்புத் துறையின் கருத்தையும் தொடக்கத்திலேயே பெறுவது நன்று.

அடுத்து, பழைய பலகை இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் அருகில் புதிய பலகையை நிறுவ வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பிரிவு என்று எடுத்துக்கொண்டு, அங்கே புதிய உணரிகளைப் பொருத்திச் சோதித்த பின்னரே பழையவற்றைக் கழற்ற வேண்டும். இரு பலகைகளும் இயங்கும் காலத்தில், ஒன்றில் எழும் ஒலி மற்றதன் பகுதியிலும் கேட்குமாறு இணைத்து வைக்க வேண்டும். எந்தப் பிரிவேனும் சில மணி நேரம் உணரியின்றி இருக்க நேர்ந்தால், அந்நேரம் முழுதும் அங்கே ஓர் ஆள் சுற்றி வந்து காவல் காத்தல் இன்றியமையாதது. அவர் வேறு எப்பணியையும் ஏற்கலாகாது.

மூன்றாவதாக, தூசியைப் பற்றிய கவனம். பல்லாண்டு திறவாத கூரைத்தகட்டை நீக்கும்போது விழும் தூசியில் பூஞ்சை வித்துகள் இருக்கும். நலமுள்ளோர்க்கு அவை தீங்கு செய்வதில்லை. புற்றுநோய் மருந்தால் எதிர்ப்பாற்றல் குன்றியவர்க்கும், உறுப்பு மாற்றம் பெற்றவர்க்கும் நுரையீரலைத் தாக்கும் கொடிய நோயை அவை விளைவிக்கக் கூடும். எனவே தொற்றுத் தடுப்புக் குழுவின் ஒப்புதல் பெற்று, பணியிடத்தைத் திரையால் அடைத்து, தூசியை உறிஞ்சும் கருவியோடுதான் கூரையைத் தொட வேண்டும். உயிர்காக்கச் செய்யும் பணியே ஓர் உயிருக்கு ஊறு விளைவிக்கலாகாது.

கழற்றிய பழைய உணரிகளையும் கண்டபடி எறியலாகாது. அவற்றுள் சில, அமெரிசியம் 241 என்னும் கதிரியக்கப் பொருளை மிகச் சிறிய அளவில் கொண்ட அயனியாக்க வகையைச் சேர்ந்தவை. அவற்றை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளுக்கு உட்பட்டே அப்புறப்படுத்த வேண்டும்.

இறுதியாகச் சோதனை. ஒவ்வோர் உணரிக்கும் சோதனைப் புகை காட்டி, பலகையில் சரியான அறை எண் தோன்றுகிறதா என்று ஒருவர் பார்த்து எழுத வேண்டும். பின்னாளில் அறையின் பெயர் மாறினால் பலகையிலும் மாற்ற வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி, மின்கலத்தால் அமைப்பு தாங்குகிறதா என்றும் காண வேண்டும்.

கருவி எத்துணைச் சிறந்ததாயினும் மணியோசை நோயாளியைத் தூக்காது. மனிதர்தாம் தூக்க வேண்டும். மருத்துவமனையில் எல்லோரையும் ஒரேயடியாக மாடிப்படி வழியே இறக்குவது முதல் வழியன்று. தீயுள்ள பகுதியிலிருந்து, அதே மாடியில் தீத்தடுப்புக் கதவுக்கு அப்பாலுள்ள பகுதிக்குக் கட்டிலோடு தள்ளிச் செல்வதே முதல் வழி. அதற்கு அப்பகுதியில் இடம் இருக்க வேண்டும். நடைவழியில் பழைய கட்டில்களும் அட்டைப்பெட்டிகளும் கிடக்கலாகாது. இரவுப் பணியாளர், துப்புரவுப் பணியாளர், வாயிற்காவலர் ஆகியோரும் ஒத்திகையில் பங்கேற்க வேண்டும். தீ அவர்களுடைய பணிநேரத்திலும் வரக்கூடும்.

அவையோரே! மருத்துவமனைக்குக் கொடை வழங்கும் நல்லோர் இந்நாட்டில் என்றும் குறைந்ததில்லை. ஒருவர் கட்டில் வழங்குகிறார். ஒருவர் இரத்தச் சுத்திகரிப்புக் கருவி வழங்குகிறார். ஒருவர் தம் பெற்றோர் பெயரால் ஒரு கூடமே எழுப்புகிறார். அவற்றின் பயனைக் கண்ணால் காணலாம். சுவரில் பெயர்க்கல்லும் பொறிக்கலாம். தீ எச்சரிக்கைப் பலகைக்குக் கொடை தருவோர் அரியர். அதன் பயன் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது நன்கு இயங்கினால் செய்தித்தாளில் எதுவும் வருவதில்லை. குழந்தை நலமாய் வீடு திரும்புகிறது, அவ்வளவே. எவருக்கும் தெரியாமல் செய்த நன்மை என்று சான்றோர் போற்றுவது இத்தகையதே.

அறங்காவலராகவோ நிர்வாகக் குழுவினராகவோ இருப்போர் நாளையே தம் மருத்துவமனைக்குச் சென்று, கட்டுப்பாட்டுப் பலகையின் முன் நின்று மூன்று கேள்விகளைக் கேட்கலாம். மஞ்சள் விளக்கு எரிகிறதா? ஒலி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா? இதனைக் கடைசியாகச் சோதித்த நாள் எது? நோயாளியைப் பார்க்கச் செல்லும் உறவினரும் பணிவோடு இவற்றைக் கேட்கலாம். விடை சொல்ல ஆளில்லையெனில், புதுப்பிக்கும் பணி அங்கே தொடங்க வேண்டும்.

படுக்கையில் கிடக்கும் ஒருவர் இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கண் மூடும்போது, தம் உயிரைப் பிறர் கையில் ஒப்படைத்தே உறங்குகிறார். அந்த நம்பிக்கைக்கு உரியோராய் மருத்துவமனை நடத்துவோர் அனைவரும் விழித்திருப்பாராக.