ஒரு சொல்: ஸ்னாப்

கடுகண்ணாவையில் பாதையோரக் குடைந்த பாறையடியில் விடுமுறை நாட்களில் ஒரு குரல் கேட்கும்: "நில்லுங்க, ஒரு ஸ்னாப்!"

இது வேட்டைக்காரர் சொல். குறிபார்க்க நேரமின்றிச் சட்டெனச் சுடுவதற்கு 1808இலேயே ஆங்கிலத்தில் வழங்கியது. 1860இல் விஞ்ஞானி ஜோன் ஹேர்ஷல் அதைப் படமெடுப்புக்குச் சொன்னார். 1888இல் கொடாக் கமெரா வந்தபின் வீட்டுச்சொல்லாயிற்று. ஆங்கிலேயர் படத்தைச் சுடுகிறார்கள்; நாம் மீனைப்போலப் பிடிக்கிறோம்!

நம் பேச்சில் போட்டோ வேறு, ஸ்னாப் வேறு. போட்டோ என்றால் ஸ்டூடியோ, பத்திரம், அசையாத முகம். ஸ்னாப்புக்கு வீட்டில் கமெரா வேண்டும். லயத்தில் அது ஏது?

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போனோரின் ரயில் இந்தக் கடுகண்ணாவைச் சரிவில்தான் இறங்கியது. என் பெரியம்மா குடும்பமும் அப்படித்தான் போனது. எங்களிடம் மிஞ்சியது கடவுச்சீட்டுக்கு எடுத்த போட்டோவின் ஒரு பிரதி. இரண்டு காதும் தெரிகின்றன. பெரியம்மா சிரித்தால் எப்படியிருப்பார் என்று என் பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் வாயால் சொல்லிப் பார்க்கிறேன்.