சட்டங் கற்போர்க்குரிய புதுக் கருவிகள்

(நம் சங்கத்து மாணவர் பகுதியார் கூட்டிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

வழக்கறிஞர்க்கும் சட்ட மாணவர்க்கும் இக்காலத்து உதவுங் கணினிக் கருவிகளைப் பற்றிச் சில கூறுமாறு யாம் பணிக்கப்பெற்றோம். தமிழ்ப் பண்டிதருக்கும் இவற்றிற்கும் யாது தொடர்பு எனச் சிலர் ஐயுறலாம். சட்டம் சொல்லால் ஆயது. பிரதியை மூலத்தோடு ஒப்பிடுதலும், இடைச்செருகலை விலக்குதலும், சொற்குப் பொருள் துணிதலும் எம் தொழில். வழக்கறிஞர் தொழிலிற் பெரும்பகுதியும் இதுவேயன்றோ? அவ்வுறவு பற்றியே இங்குப் பேசத் துணிந்தோம்.

முன்னாளில் வக்கீல் தொழிலுக்கு முதல் மூலதனம் புத்தகமே. சுவர் முழுதும் தீர்ப்புத் தொகுதிகளை அடுக்கி வைத்திருந்தோர் வாதத்தில் மேம்பட்டனர். அவை இல்லாதார் சீனியர் வக்கீலின் அறைவாயிலிற் காத்துநின்றனர். குடும்பத்தில் முதன்முதலாகக் கறுப்பு அங்கி அணியப் புகும் பிள்ளைகளுக்கு இது பெருந்தடையாய் இருந்தது. அத்தடை இப்பொழுது பெரிதும் நீங்கியுள்ளது. சுப்ரீம் கோர்ட்டின் அதிகாரபூர்வமான தீர்ப்புத் தொகுதி 2023-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் தேதி ‘இ-எஸ்.சி.ஆர்.’ என்னும் பெயரால் யாவர்க்கும் கட்டணமின்றி இணையத்தில் திறந்துவிடப்பட்டது. மத்திய, மாநிலச் சட்டங்களின் வாசகத்தை ‘இந்தியா கோட்’ என்னும் அரசாங்கத் தளத்திற் காணலாம். சுசாந்த் சின்ஹா என்பவர் 2008-இல் தொடங்கிய ‘இந்தியன் கானூன்’ என்னும் தளத்திலே, ஒரு சொல்லையிட்டுத் தேடினால் அச்சொல் பயின்ற தீர்ப்புகள் வரிசையாக வந்து நிற்கும். கைப்பேசி ஒன்றிருப்பின், குக்கிராமத்து மாணவனும் இவற்றைப் படித்தல் கூடும்.

வழக்கின் நிலையை அறிதற்கும் வழியுண்டு. 2007-இல் தொடங்கிய இ-கோர்ட்ஸ் திட்டத்தின்படி, ஒவ்வொரு வழக்கிற்கும் எழுத்தும் இலக்கமுமாகப் பதினாறு குறிகள் கொண்ட ‘சி.என்.ஆர். எண்’ ஒன்று வழங்கப்பெறுகிறது. அதனை இ-கோர்ட்ஸ் செயலியில் இட்டால், அடுத்த வாய்தா எந்நாள், இதுகாறும் பிறந்த உத்தரவுகள் யாவை என்பன புலனாகும். வழக்கை ஒப்புக்கொண்ட அன்றே இவ்வெண்ணைக் கட்சிக்காரருக்கும் எழுதிக்கொடுத்துவிடுக. வாய்தாத் தேதியைக் கேட்டறிதற்காக ஏழைக் குடியானவர் ஒருநாட் கூலியை இழந்து பட்டணத்துக்கு வருதல் அதனால் ஒழியும்.

நிற்க. கருவி பெருகியவாறே கவனமும் பெருகுதல் வேண்டும். அதற்கு ஒரு வழக்கு வரலாற்றை எடுத்துக் கூறுவோம்.

அமெரிக்க தேசத்து நியூயார்க்கு நகரில் ‘மாட்டா எதிர் ஏவியங்கா’ என ஒரு வழக்கு நடந்தது. ஆகாய விமானத்தில் உணவுவண்டி முழங்காலில் மோதியதற்கு ஒரு பிரயாணி நஷ்டஈடு கோரினார். அவர் பக்கத்து வக்கீல் ‘சாட்ஜிபிடி’ என்னும் செயற்கை நுண்ணறிவுப் பொறியை வினவி, அது தந்த முன்தீர்ப்புகளை மனுவில் எழுதிக் கோர்ட்டில் தாக்கல் செய்தார். எதிர்க்கட்சியார் தேடினர், அவை கிடைத்தில. நீதிபதி தேடினார், அவர்க்கும் கிடைத்தில. ஆறு தீர்ப்புகள், பெயரும் எண்ணும் மேற்கோளும் உட்பட, அப்பொறியின் கற்பனையே! ‘இவை மெய்யான வழக்குகள்தாமோ’ என்று அவ்வக்கீல் அதனிடமே வினவ, ‘ஆம், மெய்யே’ என்று அது விடையிறுத்திருந்தது. பொய்ச்சாட்சி கூறியவனையே அச்சாட்சியத்திற்கு ஜாமீன் கேட்டவாறாயிற்று. 2023-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் தேதி கோர்ட்டார் 5,000 டாலர் அபராதம் விதித்தனர். நம்பத்தக்க பொறியைத் துணைக்கொள்ளுதல் தன்னளவிற் குற்றமன்றென்றும், தாக்கல் செய்வதன் மெய்ம்மையைக் காத்தல் வக்கீலின் கடமையென்றும், ஐயம் எழுந்த பின்னரும் அவற்றையே பற்றி நின்றது பிழையென்றும் நீதிபதி கூறிய நுட்பம் அறியற்பாலது.

இஃது ஏன் நிகழ்ந்தது? அவ்வகைப் பொறி, தான் பயின்ற எண்ணிறந்த நூல்களின் நடையைக் கொண்டு, ஒரு சொல்லின்பின் எச்சொல் வருதல் பொருந்தும் எனக் கணித்துத் தொடுப்பது. தீர்ப்பைப் போலவே நடையமைத்துத் தரும். அத்தீர்ப்பு உலகில் உளதோ என்பது அதற்குப் பொருட்டன்று. யாப்பிலக்கணம் வழுவாது இயற்றிய செய்யுளைப் பழம்புலவர் தலையில் ஏற்றிவிடுவாரை எம் துறையில் யாம் கண்டிருக்கிறோம். ஓசை பிழையாமையால் அது பழம்பாட்டு ஆகிவிடாது. 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரவர்கள் ஏட்டுப் பிரதிகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்கியன்றோ பாடம் துணிந்தார்கள்! அவ்வொழுக்கமே இன்று சட்ட மாணவனுக்கும் வேண்டப்படுவது. நீண்ட தீர்ப்பைச் சுருக்கவும், வாதத்தின் குறைகளை எடுத்துக்காட்டவும் பொறியை ஏவுக. அது கூறும் ஒவ்வொரு தீர்ப்பையும் மூலத்தளத்தில் தேடியெடுத்து, முற்றும் படித்து, பின்னரே கையெழுத்திடுக.

மொழிபெயர்ப்பிலும் இதுவே முறை. தீர்ப்புகளை நம் நாட்டு மொழிகளிற் பெயர்த்தற்குச் சுப்ரீம் கோர்ட்டு 2019-இல் ‘சுவாஸ்’ என்னும் பொறியைக் கொணர்ந்தது. தமிழில் வரும் தீர்ப்பு கட்சிக்காரர் தம் வழக்கைத் தாமே அறிதற்கு நன்று. ஆயினும் ஆங்கில மூலமே அதிகாரமுடையது. வாதத்திற்கு அதனையே கொள்க.

பிரிவெண்களில் மற்றொரு விழிப்பு வேண்டும். 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி பாரதீய நியாய சம்ஹிதை அமலுக்கு வந்தது. கொலைக்குத் தண்டனை கூறிய பழைய 302-ஆம் பிரிவு இப்பொழுது 103. புதிய 302-ஆம் பிரிவோ மதவுணர்ச்சியைப் புண்படுத்தும் சொற்களைப் பற்றியது! அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றங்கட்குப் பழைய சட்டமே செல்லும். ஆகலின், தேடும்பொழுது இரண்டெண்களையும் இட்டுத் தேடுக. புதியதை மட்டும் இடுவார்க்கு நூற்றாண்டுக்கு மேற்பட்ட தீர்ப்புகள் மறைந்துபோம்.

இனி, சாட்சியம். கைப்பேசியிற் பிடித்த படத்தையோ ஒலிப்பதிவையோ கோர்ட்டில் வைப்பதற்குப் பாரதீய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு ஒரு சான்றிதழைக் கேட்கிறது. அதன்கண் கோப்பின் ‘ஹாஷ்’ மதிப்பைக் குறித்தல் வேண்டும். ஹாஷ் என்பது கோப்பினின்றும் கணித்தெடுக்கும் முத்திரை போல்வது. ‘எஸ்.எச்.ஏ.-256’ என்னும் முறையில் அறுபத்துநான்கு குறிகள் வரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினும் அம்முத்திரை முற்றிலும் வேறுபடும். வாட்ஸாப்பில் அனுப்பிய படம் சுருங்கி வேறு கோப்பாகிவிடுதலின், மூலப்படத்தையும் அதனைப் பிடித்த கைப்பேசியையும் அழியாது காக்குமாறு கட்சிக்காரருக்கு முதல்நாளே அறிவுறுத்துக.

காலவரையறைக்கு நாட்காட்டிச் செயலி உதவும். சிவில் டிக்கிரியின்மேல் ஹைக்கோர்ட்டில் அப்பீல் செய்ய 90 நாள். ஏனைக் கோர்ட்டுகளில் 30 நாள். தீர்ப்பு நாளையும், நகல் பெறுதற்குச் சென்ற காலத்தையும் கழித்துக் கணக்கிடுதல் உம் வேலை. கணக்கிட்ட நாளை நினைவூட்டுதலே செயலியின் வேலை.

முடிவாக, கட்சிக்காரர் கூறிய மறைபொருளைக் காத்தல் அவ்வதிநியமத்தின் 132-ஆம் பிரிவு விதித்த கடமை. அவர் பெயரையும் ஊரையும் பத்திரங்களையும் இலவசப் பொறியொன்றில் இட்டு வினவுதல், நாற்சந்தியில் நின்று உரக்கப் படித்தலை ஒக்கும். பெயர் முதலியன நீக்கி, சட்ட வினாவை மட்டும் வினவுக.

அன்பர்காள்! கட்சிக்காரர் தம் வீட்டையும் நிலத்தையும் மானத்தையும் ஒரு கையெழுத்தை நம்பி ஒப்படைக்கின்றனர். அக்கையெழுத்து பொறியினுடையதன்று, உம்முடையது. சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம்: நம் வாசகசாலையில் ஒரு கணினி வைத்து, வாரத்தில் ஒரு மாலை அனுபவமுள்ள வக்கீல் ஒருவர் அமர்ந்து மாணவர்க்குத் தேடும் முறையையும் சரிபார்க்கும் முறையையும் கற்பிக்க ஏற்பாடு செய்வீர்களாக. புத்தகத் தடை நீங்கிற்று. வழிகாட்டுவாரின்மை என்னும் தடையும் அதனால் நீங்கும்.