ஊசி மருந்தும் அதைச் செய்யும் கையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தடிமன் காய்ச்சலைப் பற்றி ஆண்டு விழாவிலே பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடித்தால் மூன்று நாளில் போய்விடும் என்பது நம் வீட்டு வைத்தியம். ஆனால் 1918ஆம் ஆண்டு உலகெங்கும் பரவிய இன்புளுவென்சாக் காய்ச்சலால் இலங்கைக்கு நேர்ந்த மக்கள் இழப்பு மூன்று லட்சத்துக்கும் மேல் எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். அன்றைய சனத்தொகையில் அது நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேர்.

மனிதன் வரும் வழியிலேயே நோயும் வரும். மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த நம் முன்னோருடன் வாந்திபேதியும் நடந்து வந்தது. பின்னர் அது கப்பலேறியது. 1957 மே மாதத்தில் மலாயாப் பக்கமிருந்து சென்னைக்கு வந்த 'ரஜுலா' கப்பல், நம்மவர் பலர் பயணம் செய்த அதே கப்பல், புதிய இன்புளுவென்சாவையும் இறக்கிவிட்டது. 1958 பெப்ரவரிக்குள் இந்தியாவில் 44 லட்சம் பேருக்கு மேல் நோயுற்றதாகப் பதிவாயிற்று. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இருந்த இன்புளுவென்சா ஆய்வு மையம் அக்கிருமியை ஆராய்ந்தது. நீலகிரி மலையிலே, நம்மைப்போலத் தேயிலைக்கு நடுவிலே, அப்படியொரு நிலையம் இருந்ததை இளைஞர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

இந்தக் கிருமி ஆண்டுதோறும் வேடம் மாற்றுவது. ஆகையால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பெப்ரவரியிலும் செப்டெம்பரிலும், எந்த வகைக்கு மருந்து செய்வதென்று அறிவிக்கிறது. பிறகு ஆறு மாத ஓட்டம். பத்து நாள் அளவில் கருவளர்ந்த கோழிமுட்டையை வெளிச்சத்திற் பிடித்து உயிருள்ளதா என்று பார்த்து, கிருமியை உட்செலுத்தி, இரண்டு மூன்று நாள் இளஞ்சூட்டில் வைத்து, குளிரவிட்டு, உள்ளிருக்கும் நீரை எடுத்து, வேகமாகச் சுழற்றிச் சுத்தம் செய்து, கிருமியைச் செயலிழக்கச் செய்து, பரிசோதித்துக் குப்பியில் அடைக்க வேண்டும். ஒரு பேருக்கு ஏறத்தாழ ஒரு முட்டை என்றாலும், ஒரு நாட்டுக்கு எத்தனை லட்சம் முட்டை! (முட்டை என்றதும் முன்வரிசைச் சைவப் பெரியவர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. முட்டையின்றி உயிரணு வளர்ப்பிற் செய்யும் முறையும் இப்போது உண்டு.)

பறவைக் காய்ச்சலால் மக்களைப் பறிகொடுத்த இந்தோனேசியா, 2007ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கிருமி மாதிரிகளை வெளியே அனுப்ப மறுத்தது. 'எங்கள் நோயாளியின் கிருமியைக் கொண்டு செல்வந்த நாடுகள் மருந்து செய்யும்; அதை வாங்க எங்களிடம் பணம் இராது' என்பதே அதன் வாதம். முரட்டுத்தனம் என்றனர் சிலர். நியாயம் இருந்தது என்றே நாம் கருதுகிறோம். அதே ஆண்டில் இந்தியா, இந்தோனேசியா, வியட்நாம், தாய்லாந்து, பிரேசில், மெக்சிக்கோ ஆகிய ஆறு நாடுகளுக்குச் சொந்தமாக மருந்து செய்ய உலக சுகாதார நிறுவனம் உதவித்தொகை வழங்கியது.

பணம் வந்தால் கட்டடம் எழும்பும், இயந்திரமும் வந்துவிடும். அதை இயக்குவது யார்? புத்தகத்தைப் படித்து நீந்த முடியாதது போலவே இதுவும். ஆதலால் ஐக்கிய அமெரிக்க அரசின் நிதியுடன் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகமும் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் இந்நாடுகளின் விஞ்ஞானிகளை அழைத்துக் கைப்பழக்கம் கொடுத்தன. தூய அறைக்குள் எப்படி உடுத்துவது, எப்படி மெல்ல அசைவது, செய்ததை அந்தக் கணமே எப்படி எழுதி வைப்பது என்பதெல்லாம் பாடம். தவறு நேர்ந்தால் மறையாமல் எழுதுவதும் அதிற் சேரும். மறைத்த ஒரு சிறு அழுக்கு ஒரு தொகுதி மருந்தையே கெடுத்துவிடும். பூனாவின் சீரம் நிறுவனம், ரஷ்ய விஞ்ஞானிகள் உருவாக்கிய கிருமி வகையைக் கொண்டு மூக்கில் தெளிக்கும் தடுப்பு மருந்தை 2010இல் வெளியிட்டது. 2009இல் புதிய காய்ச்சல் தோன்றி ஓராண்டு கழிந்த சமயம் அது.

நமது இலங்கையோ இத்தடுப்பூசியை இறக்குமதி செய்கிறது. கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையம் கிருமியைக் கண்டறிகிறது. மருந்து பிறநாட்டிலிருந்து வரவேண்டும். உலகம் முழுவதும் ஒரே நாளிற் கேட்டால் சிறிய நாடு வரிசையின் கடைசியிலே நிற்கும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ, விஞ்ஞான, மிருக வைத்திய பீடங்கள் நமக்கு எட்டிய தூரத்தில்தான் இருக்கின்றன. அங்கே போக உயர்தர விஞ்ஞானம் வேண்டும். மலையகத் தமிழ்ப் பாடசாலைகள் பலவற்றில் அப்பிரிவே இல்லை. கெட்டிக்காரப் பிள்ளையும் வேறு பாடத்துக்குப் போகிறது, அல்லது கடைக்குப் போகிறது. பெண் பிள்ளையானால் கண்டிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குகின்றனர்.

நமது வாசிகசாலை மண்டபம் ஞாயிறு பிற்பகலிற் பூட்டிக் கிடக்கிறது. இரசாயனமும் உயிரியலும் கற்பிக்க வல்லவர் இருவர் நம் அங்கத்தவரிலேயே உளர். தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பஸ் கட்டணமும், ஒரு நுணுக்குக்காட்டியும் ஆகும் செலவை விழாப் பணத்திலிருந்து எடுக்கலாமா என்பதை அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலிற் சேர்க்குமாறு காரியதரிசியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.