இரயில் வந்தது, வீடு போகலாமா?

 

2019 பிப்ரவரி மாதத்தை நினைத்துப் பாருங்கள். 4ஆம் தேதி தமிழகத்துக்குப் புதிய கட்டட விதிகள் வெளியாயின. 10ஆம் தேதி மண்ணடிக்கு மெட்ரோ இரயில் வந்தது. 22ஆம் தேதி புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரயில் வந்ததை எல்லோரும் பேசினோம். மற்ற இரண்டையும் எத்தனை பேர் படித்தோம்?

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மனைப் பரப்பைப் போல் ஒன்றரை மடங்கு கட்டலாம் என்றிருந்தது, இரண்டு மடங்காயிற்று. 18 மீட்டருக்குக் குறையாத சாலையென்றால், அரசுக்குக் கட்டணம் செலுத்தி அந்த அளவில் பாதியைக் கூடுதலாகவும் கட்டலாம். நிலையம் அருகில் வந்தால் மனையின் விலை ஏறுகிறது. பழைய வீட்டை இடிப்பதே இலாபம் என்றாகிறது. ஆனால் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது புதிய சட்டம். முப்பது வருடம் வாய்ப்பேச்சில் குடியிருப்பவர் கையில் என்ன இருக்கிறது?

மாடி உயரட்டும், நாம் எதிர்க்கவில்லை. நிலையத்தருகே அதிகம் பேர் வசிப்பது நல்லதுதான். ஆனால் நடந்தே வேலைக்கு வரும் சுமை தூக்கும் தொழிலாளியும், தையல்காரரும், கடைச் சிப்பந்தியும் ஊருக்கு வெளியே போய்விட்டால், இந்த இரயில் யாருக்கு? கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களைக் கேளுங்கள். வீடு கிடைத்தது, பிழைப்பு தூரமாயிற்று என்பார்கள்.

வழி இல்லையா? இருக்கிறது! அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2019இல் ஒரு சட்டம் இயற்றியது. புதிய கட்டடத்துக்காகக் குறைந்த வருமானத்தார் வீடுகளை இடித்தால், அத்தனை வீடுகளை அவர்களால் தாங்கக்கூடிய வாடகையில் திரும்பக் கட்ட வேண்டும். குடியிருந்தவர்களுக்கே முதல் உரிமை. கட்டுமானம் தொடங்க ஆறு மாதம் இருக்கும்வரை அவர்களை வெளியேற்றக் கூடாது. கூடுதல் மாடி என்பது அரசு தரும் சலுகை. சலுகை தரும்போதே இந்த நிபந்தனையையும் விதியில் எழுது என்று நாமும் கேட்க வேண்டும்.

இளைஞர்களே! உங்கள் தெருவில் வாடகைக்கு இருப்போரைக் கணக்கெடுங்கள். ஒப்பந்தம் இல்லாதவர்களுக்கு எழுதவும் பதிவு செய்யவும் துணை நில்லுங்கள்.

வணிகர்களே! உங்களில் கட்டட உரிமையாளர்களும் இருக்கிறீர்கள். இடிப்பதற்கு முன் குடியிருப்பவரை அழைத்துப் பேசுங்கள். திரும்பி வரும் உரிமையை எழுதிக் கொடுங்கள். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்ன?

இடித்த பிறகு கூட்டம் போட்டுப் பயனில்லை. இயந்திரம் தெருமுனைக்கு வருமுன் நாம் அங்கே இருப்போம்!